எந்தக் களைப்பு என்று கேட்டவர்

மேலாளரின் நாற்காலிக்கு மேலே, சுவரில் ஒரே ஓர் எழுத்து தொங்கியது. மெல்லிய வெள்ளைக் காகிதத்தில் தூரிகையால் அவரே எழுதி, சட்டம் போட்டு மாட்டியது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதற்குக் கீழே சக்கரம் வைத்த, தலை சாய்க்க மெத்தை வைத்த உயரமான நாற்காலி. அதற்கப்புறம்தான் அவர் தெரிவார். ஒரகடம் சாலையில் இருந்த எங்கள் தொழிற்சாலைக்கு வருகிற பெரிய மனிதர்கள் அதை ஏதோ செல்வம் கொழிக்கும் எழுத்து என்று நினைத்து, கும்பிடாத குறையாகப் பார்ப்பார்கள். செல்வமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது ‘ஜுவான்’ என்ற பழைய சீனச் சொல். செய்துகொண்டிருக்கிற காரியத்தின் மேலேயே மனசு விட்டுப்போகிற அலுப்பு. எழுத்தின் ஒரு பாதி மனிதன், மறுபாதி எதையோ சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். அலுப்பை ஜெயிக்க வேண்டும் என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள மாட்டியிருக்கிறாராம். மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு இதை என்னிடம் சொன்னார்.

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றி எழுதும்போது நாலு நல்ல வார்த்தை சேர்த்து எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அது வராது. அவர் சீனர் என்பதற்காகச் சொல்லவில்லை. அதே தொழிற்சாலையில் இருந்த ஒரு சீன மெக்கானிக், கால் வலிக்கிற பெண்களுக்காகக் கண்டும் காணாமல் ஒரு கெட்டியான அட்டைப்பெட்டியைத் தூணுக்குப் பின்னால் போட்டு வைப்பார். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போனவர் நம்ம ஊர் சூபர்வைசர். ஆக, ஊர் காரணமில்லை. அந்த ஒரு ஆளைத்தான் பிடிக்கவில்லை.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். மருத்துவம் படிக்கச் சீனாவுக்குப் போனவள். கோவில்பட்டியில் அப்பாவின் கடை நொடித்துப்போனதில் பாதியிலேயே படிப்பு நின்றது. டாக்டர் ஆகாமல், சீன மொழியை மட்டும் கொண்டு திரும்பினேன். அங்கே மொழி வகுப்பில் பழைய இலக்கியச் சீனமும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள், எனக்கு மட்டும் அது வெல்லக்கட்டி. ஒற்றை எழுத்தில் ஒரு முழு மனநிலையை அடைத்து வைத்திருப்பார்கள். களைப்புக்கே எத்தனை சொற்கள்! ‘லாவ்’ என்ற எழுத்தில் மேலே இரண்டு நெருப்பு எரியும், கீழே வலிமை என்ற குறி இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் உழைத்து ஓய்ந்த களைப்பு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அதே சொல்லுக்கு, உழைத்து வந்தவனைத் தேற்றுவது என்றும் ஒரு பொருள் உண்டு. ‘குன்’ என்றால் நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் ஒரு மரம். வழியில்லாமல் மாட்டிக்கொண்டவனின் தளர்ச்சி. ‘தாய்’ என்பது அடியில் இதயத்தை வைத்த எழுத்து. உடம்பு நன்றாக இருந்தும் மனசு சோம்பிக் கிடப்பது. நம்முடைய தாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உடம்புக் களைப்புக்கு இருக்கிற சொல்லை மட்டும் நான் தொழிற்சாலைப் பெண்களிடம் உச்சரித்ததே இல்லை. அது ‘பீ’. தமிழ்க் காதில் அது என்னவாக விழும் என்று உங்களுக்கே தெரியும். நோய்ப் படுக்கையைக் குறிக்கிற கோட்டுக்கு அடியில் தோல் என்ற எழுத்து இருக்கும். அவ்வளவு நல்ல எழுத்து.

மேலாளரும் இந்தச் சொற்களில் ஊறியவர். என்னைத் தவிர அந்த வளாகத்தில் அவற்றைப் பேச அவருக்கு ஆள் கிடையாது. முதல் மாதம் அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அந்தச் சொற்களை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன்.

செல்போன் சார்ஜருக்குப் பிளாஸ்டிக் கூடு வார்க்கிற தொழிற்சாலை அது. வார்க்கிற மிஷின்கள் ஒரு பக்கம். மறுபக்கம் சோதனை வரிசை. நீள மேஜை, மேலே கண்ணைக் குத்துகிற வெள்ளை விளக்கு, அதற்குக் கீழே பெண்கள் நின்றுகொண்டு கூடுகளில் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் முழுக்க நின்றபடி. உட்கார ஒன்றுமே கிடையாது. தெற்கிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் சின்னப் பெண்கள் பாதி, சுற்று வட்டாரத்துப் பெண்கள் பாதி. இந்த இரண்டாவது கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவர் பென்னலூரிலிருந்து வருகிற ஓர் அக்கா. நாற்பதைத் தாண்டியவர். யாருக்கும் பயப்பட மாட்டார், யாரையும் வாய்க்கு வந்தபடி திட்டவும் மாட்டார். அவர் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். நான் பாதியில் விட்ட படிப்புக்கே அது என்ன என்று தெரியும். நின்றுகொண்டே இருந்தால் புண்ணாகி, ரத்தம் கட்டி, வேறு எங்கேயோ கொண்டுபோய் விடும். வயலில் நடவு நட்டவருக்கு இது தாங்காதா என்று ஒரு நாள் சூபர்வைசர் நக்கலாகக் கேட்டார். நடவுன்னா குனிஞ்சி நிமிந்து நவுந்துகினே இருப்போம், இங்க மாதிரி கம்பம் நட்டாப்புல நிக்க மாட்டோம் என்று அக்கா திருப்பிக் கொடுத்தார்.

ஸ்டூல் வேண்டும் என்று அவர் கேட்டதை மொழிபெயர்க்கத்தான் அவரை மேலாளர் அறைக்கு நான் கூட்டிப் போனேன். மேலாளர் எழுந்திருக்கவில்லை, அக்காவை உட்காரச் சொல்லவும் இல்லை. அந்த எழுத்துக்குக் கீழே சாய்ந்துகொண்டு, மிக மரியாதையான குரலில், எந்தக் களைப்பு என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் விரல் விட்டு விளக்கினார். உடம்புக் களைப்பு என்றால் மருந்து தரலாம். அலுப்பு என்றால் காலையில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்ய வைக்கலாம். மாட்டிக்கொண்ட தளர்ச்சி என்றால் வேலையை விட்டுப் போக யாருக்கும் தடையில்லை. சோம்பல் என்றால் எச்சரிக்கை. பழைய காலத்து அறிஞர்கள் இவற்றை ஒன்றாகக் குழப்பவில்லை, நாமும் குழப்பக் கூடாது. நான் தமிழில் சொன்னேன். அக்கா முழுசையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னாம்மா இது, சோத்துல கல்லு பொறுக்கறாப்புல பொறுக்கினு கீறாரு? கால் வலிக்குது. குந்த ஒண்ணு குடுன்னு சொல்லு.”

சொன்னேன். அடுத்த வாரம் பெட்டி பெட்டியாகத் தைலம் வந்தது. ஸ்டூல் வரவில்லை. பெண்கள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் நாள் கூடுகளில் தைல வாசனை அடிக்கிறது என்று அந்தத் தைலத்தையும் மேலாளர் தடை செய்தார். பிறகு உடற்பயிற்சி வந்தது. ஒலிபெருக்கியில் சீனப் பாட்டு. ஏற்கெனவே நிற்கப் போகிறவர்களை இன்னும் கால்மணி நேரம் முன்னதாக வரவழைத்துக் குதிக்க வைத்தார். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, “ஏக்கா, காலு வலிக்குன்னு சொன்னா ஆடச் சொல்லுதாவளே, தலை வலிக்குன்னு சொன்னா என்ன செய்வாவ?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் பெண்கள் கழிவறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு முறை வைத்து உட்கார ஆரம்பித்தார்கள். அது அவர் காதுக்குப் போனது. பக்கெட்டுகளை எடுத்துவிட்டுக் குவளை மட்டும் வைக்கச் சொன்னார். ஒரு மனிதரை வெறுக்க எனக்கு அந்தப் பக்கெட் ஒன்றே போதும்.

அவரும் கடுமையாக உழைப்பவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அலுவலக மூலையில் மடக்குக் கட்டில் போட்டு அங்கேயே தூங்குவார். தன் கோப்பையைத் தானே கழுவுவார். அதற்காக அவரைப் புகழ்கிறவர்கள் உண்டு. தன் உடம்பை வதைத்துக்கொள்கிறவனுக்கு ஊரார் உடம்பை வதைக்க யார் உரிமம் கொடுத்தது? எனக்கு உண்மையான வயிற்றெரிச்சல் வேறு. அந்தச் சொற்கள் எனக்கும் பிடித்தவை. எப்போதோ யாரோ ஒருவர், தன் உடம்பும் மனசும் தளர்ந்ததை உற்றுப் பார்த்து, இரக்கத்தோடு பெயர் வைத்திருக்கிறார். இந்த ஆள் அதை எடுத்துச் சல்லடை செய்துகொண்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். வார்ப்பு மிஷினில் பொருத்துகிற இரும்பு அச்சு ஓடி ஓடித் தேய்ந்து, விரிசல் விடுவதற்கு முன்னால் அதைக் கழற்றி ஓய்வில் வைப்பார்கள். அப்போது அதன் மேல் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். அட்டையில் மேலாளர் தன் கையால் ‘பீ லாவ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். உலோகம் களைத்துப் போவதற்குச் சீனத்தில் அதுதான் சொல். உடம்புக் களைப்பும் உழைப்புக் களைப்பும் இரண்டும் சேர்ந்தது. இரும்பிடம் போய் அவர் எந்தக் களைப்பு என்று கேட்கவில்லை. கேட்காமலே இரண்டையும் கொடுத்தார், கூடவே லீவும் கொடுத்தார்.

அந்த மிஷின்களிடம் அவருக்குப் பயமும் இருந்தது. அவர் வந்த முதல் வருஷம் ஆயுத பூஜை முடிந்ததும், பூ வாடுவதற்குள் ஒரு மிஷினை ஓட விட்டிருக்கிறார். வேண்டாம் சார் என்று எல்லாரும் சொல்லியும் கேட்கவில்லை. அன்று அச்சு உடைந்து தெறித்தது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அதிலிருந்து அவராகவே ஒரு விதி போட்டார். சந்தனம் குங்குமம் வைத்த எதையும் மறுநாள் காலை ஷிஃப்ட் வரைக்கும் யாரும் இயக்கக் கூடாது. தமிழிலும் சீனத்திலும் அதை எழுதி வாசலில் ஒட்டியவள் நான்தான். நம்ம ஆட்களே பூஜை முடிந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துவது உண்டு. இவர் அதற்கும் விடமாட்டார். நம் சாமிக்கு எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்தார்.

அக்கா ஸ்டூல் கேட்ட வருஷ ஆயுத பூஜைக்கு முதல் நாள் சூபர்வைசர் வந்து சொன்னார். மிஷின்கள் நிற்கும், ஆனால் சோதனை வரிசை நிற்காது. வார்த்து வைத்த கூடுகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, சரக்கு போயாக வேண்டும். சோதனை வரிசையில் மிஷின் கிடையாது, ஆகவே பொட்டு வைக்கவும் ஒன்றும் கிடையாது. பூஜை முடிந்ததும் பெண்கள் மேஜைக்குத் திரும்பி, அடுத்த ஷிஃப்டும் சேர்த்து நிற்க வேண்டும். மேலாளர் உத்தரவு. அக்காவின் காலைப் பார்த்தேன். வீங்கி, செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது. நாளைக்கு வராதீங்கக்கா என்றேன். வரலன்னா பேரு அடிச்சிடுவான், இந்தக் காலை வெச்சிகினு வேற எவன் வேலை குடுப்பான் என்றார். கான்ட்ராக்ட் வேலைக்கு அதுதான் நிலைமை. நின்றால் கால் போகும், நிற்காவிட்டால் சோறு போகும்.

மறுநாள் மத்தியானம் பூஜை. வாசலில் வாழைக்கன்று, மிஷினுக்கு மாலை, கம்பெனி பஸ்ஸின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பொரி, சுண்டல். மேலாளரும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு பூசணிக்காய் உடைப்பதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். தீபாராதனை முடிந்ததும் சூபர்வைசர் சோதனை வரிசையைக் கூப்பிட்டார். அக்கா நேராகச் சந்தனக் கிண்ணத்துக்குப் போனார். விரலில் தொட்டு, குனிந்து, தன் வலது காலில் ஒரு பொட்டு, இடது காலில் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். மிஷினுக்கு எப்படி வைப்போமோ அப்படியே, நிதானமாக. அப்புறம் மேஜைக்கு முன்னால் வெறும் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். பிறகு அந்தச் சங்கரன்கோவில் பெண் போனாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக. கிண்ணம் கை மாறியது. மேஜை நெடுக, குங்குமம் வைத்த கால்கள் வரிசையாக நீட்டிக் கிடந்தன. சூபர்வைசர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மேலாளரை அழைத்து வர ஓடினார்.

மேலாளர் வந்து நின்றார். என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். அக்கா அவரைப் பார்த்தே பேசினார்.

“இதான் சார் எங்க மிஷினு. பொட்டு வெச்சாச்சு. நாளைக்குக் காலையிலதான் ஓடும்.”

நான் சொல் சொல்லாக மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்ததில்லை. அவர் வாசலில் ஒட்டியிருந்த தன் விதியைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். அதில் அக்காவின் நரம்புகளையும் பார்த்திருப்பார், தப்பவே முடியாது, அவர் நின்ற இடத்துக்கு நேர் எதிரே இருந்தன. அப்போதும் விடவில்லை மனிதர். வழக்கமான அதே மரியாதைக் குரலில், எந்தக் களைப்பு என்று கேட்டார். அக்காவிடம் நான் அதைத் தமிழில் கேட்கவில்லை. நானே பதில் சொன்னேன். இரும்புக்கு மஞ்சள் அட்டையில் நீங்கள் எழுதுவீர்களே, அதேதான் என்றேன்.

அவர் மாலை போட்டு நின்ற மிஷின்களைப் பார்த்தார். பிறகு தானே போய்ச் சோதனை மேஜையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். பெண்கள் பொரிப் பொட்டலத்தோடு பஸ் ஏறினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

கதையை இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். அந்த வாரமே ஸ்டூல்கள் வந்தன. சாம்பல் நிறம், இரும்புக் கால், முதுகு சாய வசதி இல்லாதவை. மணிக்கொரு தடவை கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று அனுமதி. பெண்கள் அவற்றைத் தடவிப் பார்த்தார்கள். ஆனால் ஸ்டூல் வேன் உள்ளே வந்த அன்று காலை, அக்காவின் கேட் பாஸ் வேலை செய்யவில்லை. கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். அக்காவுக்கு மட்டும் முடிந்திருந்தது. நான் மேலாளரிடம் போய், அக்கா தரையில் உட்கார்ந்ததற்கா இது என்று நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. கேட்ட ஸ்டூலைக் கொடுத்துவிட்டேன், கேட்காமல் வரிசையை உட்கார வைத்தவளுக்கு இருந்தது களைப்பு இல்லை, ‘தாய்’ என்றார். அடியில் இதயம் வைத்த சோம்பல். கடைசி வரைக்கும் பொறுக்கிப் பொறுக்கி, அந்த அக்காவையும் ஒரு குழியில் போட்டுவிட்டார். தான் கேட்டு வாங்கிய ஸ்டூலில் அக்கா ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை.

அப்புறம் மேலாளரும் மாற்றலாகிப் போனார். போகிற அன்று சுவரிலிருந்த காகிதத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். இங்கே இதைப் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்றார். அது உண்மை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வாங்கிக்கொண்டு, நன்றி என்று சொல்லாமல் வந்தேன். வந்ததும் என் அறை பீரோவுக்குப் பின்னால் செருகினேன், எடுத்துப் பார்க்கவே இல்லை.

போன மாதம் மறைமலை நகரில் வேறு வேலை கிடைத்து ஸ்ரீபெரும்புதூர் அறையைக் காலி செய்தேன். அதே சமயம் பழைய தொழிற்சாலையில் ஸ்டூல்களை எடுத்துவிட்டு முதுகு சாயும் நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். காயலான் கடையில் குவிந்து கிடந்த ஸ்டூல்களில் ஒன்றை வாங்கினேன். காகிதச் சுருளை அதன் கால்களுக்கு நடுவே செருகி, ஆட்டோவில் பென்னலூர் போனேன். அக்கா வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து, கம்பெனிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் விற்க வடை மாவு அரைத்து வைத்திருந்தார். காலில் கட்டு. இது உங்க ஸ்டூல், நீங்க உட்காராம போனது என்றேன்.

அக்கா ஸ்டூலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கால் குட்டையாக இருந்து ஆடியது. சுருளை உருவி விரித்து, இதுல இன்னா எழுதிகீது என்று கேட்டார். அலுப்பு என்று எழுதியிருக்கிறது, மேலாளர் தலைக்கு மேலே தொங்கியதே அதுதான் என்றேன். இத்த மாட்டிகினு அதும் கீழயா குந்திகினு கெடந்தான் என்றார். காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் திணித்தார். தண்ணீர் கேனைத் தூக்கி அதன் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. நீங்க உட்காருங்கக்கா, உங்களுக்காகத்தான் கொண்டுவந்தேன் என்றேன். அவர் பழையபடி தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டார்.

“அது நிக்கட்டும்மா. நான் நின்னது போதும்.”